அம்மா ஊன்றிவிட்டு வந்த அவரை

இன்று பெங்களூர் நர்சரி ஒன்றில் தக்காளி இலையை உரசியதும் விரலில் ஏறிய பச்சை வாசனை, சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்ட எங்கள் பலமனேர் வாடகை வீட்டின் கொல்லைக்கு என்னை இழுத்துப் போனது. கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கத்தரிக்குத் திருப்பிவிட்டு, மழைக்குப் பீர்க்கங்கொடியைக் கூரையேற்றி, பனிக்காலத்தில் அவரைப் பந்தலுக்குள் தலை மறைய நின்று காய் பறிப்பாள் அம்மா. நைனாவுக்குப் பெங்களூர் ஃபேக்டரியில் வேலை கிடைத்து, ஆடியில் சாமான்களை லாரியில் ஏற்றிய காலையிலும் அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"நாமளே ஊர உட்டுப் போறோம், யாருக்குடி இத நட்டுக்கினு கீற?" என்றார் நைனா.

"வர்றவங்க துன்னட்டும்," என்றாள் அம்மா.

தை பிறந்ததும், அங்கே குடிவந்த தெலுங்குக்கார அம்மா வீட்டுக்காரரிடம் எங்கள் விலாசம் வாங்கி, பஸ்ஸில் ஒரு மூட்டை அவரைக்காய் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் தெரு முழுக்கப் பங்கிட்டாள். பெங்களூரில் எங்களுக்கு அக்கம்பக்கம் கிடைத்தது அன்றைக்குத்தான்.