அத்தா செய்த குப்பைப்பெட்டி

அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்தால் முதல் வாரம் முழுக்க வீட்டில் கூட்டம். மிச்ச நாட்களை நானும் அக்காவும் பங்குபோட்டுக்கொள்வோம். பங்கு என்றா சொன்னேன்? பறித்துக்கொள்வோம். அந்த வருஷம் அக்கா மொத்தமாகப் பறித்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு குப்பைப்பெட்டியால் வந்தது. கார்கோவில் சாமான் வந்த மரப்பெட்டியைப் பிரித்து, இடிந்த மாட்டுக்கொட்டகையின் கதவையும் சேர்த்து, கொல்லையில் உரம் மக்கவைக்க ஒரு பெட்டி செய்யப்போவதாக அத்தா சொன்னார். எங்கள் நன்னிலம் பக்கத்தில் குப்பை என்றால் கொல்லையில் ஒரு குழி, அவ்வளவுதான். "குவைத்து ஆபீசரு குப்பைக்குப் பங்களா கட்டுறாங்களே!" என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தார். ஆபீசர்தான். கூடத்து போட்டோவில் அத்தா பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

அக்கா பலகையைப் பிடிக்க, அத்தா ஆணி அடித்தார். பழைய ஆணியை நிமிர்த்தும் வேலைகூட அவளுக்குத்தான். "நீ சின்னப் புள்ள, கையில குத்திக்குவே" என்று அவள் என்னைத் துரத்தினாள். எட்டு வயது சின்ன வயதா? எனக்கு வயிறு எரிந்தது. பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள். ஒழுங்காக அடிக்கக்கூடத் தெரியவில்லை என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பெட்டியில் சாணி, வைக்கோல், காய்கறித் தோல் எல்லாம் நிரப்பிய மறுநாள், அத்தா அக்காவை மட்டும் கும்பகோணத்தில் தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போனார். எனக்குப் பரீட்சையாம். ஒரு வாரம்! அன்று மாலையே களிமண்ணையும் சாணியையும் பிசைந்து, நெல் கொட்டிய குதிருக்கு வாய் பூசுவதுபோல, ஓர் இடுக்கு விடாமல் பூசி அடைத்தேன். அக்கா விட்ட ஓட்டையைச் சின்னவள் அடைத்தாள் என்று அத்தா சொல்ல வேண்டும்.

அவர்கள் திரும்பி வந்தபோது கொல்லைப் பக்கம் போக முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். "இவ வேலைதான் அத்தா!" என்று அக்கா குதித்தாள். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தா பூச்சைத் தட்டி உதிர்த்தார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, முகம்கூடச் சுளிக்காமல் புரட்டினார். "காத்து போகணும்மா. மூச்சு முட்டினா அழுகித்தான் போகும். வா, நீ வைக்கோலைப் போடு" என்றார். அக்காவை இல்லை, என்னை!

தலைகால் புரியாத சந்தோஷத்தில் கேட்டேன்: "இதெல்லாம் ஒங்க ஆபீசுல சொல்லித் தர்றாங்களா அத்தா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஆமாம்மா, எல்லாம் சொல்லித் தருவாங்க" என்றார் அத்தா.

போட்டோவில் இருந்த மேஜை முதலாளியுடையது என்பதும், அத்தா அந்த வீட்டுத் தோட்டக்காரர் என்பதும் எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. அன்றைக்கு அக்கா மேல் இருந்த பொறாமை மட்டும் விட்டுப்போனது. வருஷத்தில் பத்து மாதம் அத்தாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இவ்வளவும் சொல்லிக்கொடுத்த அந்த ஆபீஸ் மேல்தான் அன்று முதல் வயிறு எரிந்தது.