முழங்கை பட்ட இடம்

வெயிலில் நின்ற அந்தக் காரின் கதவைத் திறந்ததும் முதலில் வருவது சூடேறிய இருக்கை உறையின் வாசம். அதற்குப் பின்னால் பெட்ரோல். அதற்கும் பின்னால், இருக்கையின் இடுக்கில் எப்போதோ கொட்டி யாரும் சரியாகத் துடைக்காமல் விட்ட கோப்பி. மூன்றும் அதே வரிசையில்தான் வரும். நான் பின்னிருக்கையில் ஏறி, எட்டாத கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசங்களை ஒவ்வொன்றாக எடுப்பேன். இப்போது ஒஸ்லோவில் ஓடும் கார்களுக்கு வாசமும் இல்லை, சத்தமும் இல்லை.

அது ஓர் ஓல்ட்ஸ்மொபில். அமெரிக்காவில் செய்யப்பட்டு, முதல் சொந்தக்காரர் அங்கே பல காலம் ஓட்டி முடித்தபின் கப்பலேறி நோர்வேக்கு வந்தது. எங்களுடையதல்ல, ஸ்டைனாருடையது. எண்பதுகளில் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் அப்பாவும் ஸ்டைனாரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டியவர்கள். பிறகு இருவரும் தெற்கே இறங்கினார்கள். அப்பா ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்தார். ஸ்டைனார் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வரும் லில்லெஸ்ட்ரோமில், கராஜ் வைத்த ஒரு சிறிய வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டு மேசையில் இருந்து கையால் புட்டுச் சாப்பிட்ட ஒரே நோர்வேக்காரர் அவர்தான். அப்பாவுக்கு இந்த நாட்டில் தமிழரல்லாத கூட்டாளி என்றால் அவர் ஒருவர்தான், அவருக்குப் பிறகும் யாரும் வரவில்லை.

அவர்கள் அதிகம் கதைத்துக்கொண்டதில்லை. அப்பாவிடம் இருந்தது தொழிற்சாலையில் பொறுக்கிய நோர்வேஜிய மொழி: கத்தி, பெட்டி, கெதியாக, கோப்பி, நாளைக்கு. மிச்சத்துக்கு நான் இருந்தேன். அப்பா ஊரில், ஒரு தீவில், ஆறாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர். அம்மா அதற்கும் முதலே நிறுத்தப்பட்டவர். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்து, பல்கலைக்கழகத்தையும் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒன்பது வயதிலேயே காரின் ஆங்கிலக் கையேட்டை எழுத்துக்கூட்டி வாசித்து, அதை நோர்வேஜியத்தில் ஸ்டைனாருக்கும் தமிழில் அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பா அந்த நீண்ட பெயரை முழுதாகச் சொல்ல மினக்கெட்டதேயில்லை. அவருக்கு அது "ஓல்ட்ஸ்".

சனிக்கிழமைகளில் அம்மா துப்புரவு வேலைக்குப் போய்விட, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு லில்லெஸ்ட்ரோமுக்குப் போவார். கோடையில் புதன்கிழமை மாலைகளில் ஸ்டைனாரே வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு மேலே ஒரு குன்றில் இருக்கும் பெரிய கார் தரிப்பிடத்துக்குப் போவார். அமெரிக்கக் கார்ப் பைத்தியங்கள் கூடும் இடம் அது. ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்; பெண்கள் காரின் பின்பெட்டியைத் திறந்து கோப்பிப் போத்தலை எடுப்பார்கள். ஸ்டைனாரின் கார் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். நேரத்தோடு வந்தவர்களுக்கு முன்வரிசை என்று அப்பா நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் எப்போதும் நேரத்தோடுதான் போனோம்.

காரின் நிறம் பச்சை. பச்சை என்று சொல்ல நன்றாகப் பார்க்க வேண்டும்; கூரையில் அது வெளுத்துச் சாம்பலாகியிருந்தது, சில்லுகளுக்கு மேலே துருக் கறள் பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. ஓட்டுநர் கதவின் மேல்விளிம்பில், கண்ணாடி இறங்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நிறமே இல்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் ஸ்டைனார் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். அமெரிக்காவில் யாரோ ஒரு மனிதர் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டித் தேய்த்த இடம் என்று சொல்லி, விரலால் தடவுவார். சொல்லும்போது குரல் தணிந்துவிடும். அப்பா அந்தக் குரலைக் கேட்டார், அந்த விரலைப் பார்த்தார். மனிசன் அந்தக் காயத்தைத் தாங்க முடியாமல் காண்கிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார் என்று விளங்கிக்கொண்டார்.

2004ஆம் ஆண்டு வசந்தத்தில், ஓல்ட்ஸ்மொபிலை இனிமேல் செய்வதில்லை என்று முடிவாகி, கடைசிக் காரும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை நாங்கள் போனபோது பல கார்களின் ஏரியலில் கறுப்பு நாடா கட்டியிருந்தது. ஆட்கள் வழமையை விட மெதுவாகக் கதைத்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"பிள்ளை, ஆர் செத்தது எண்டு கேள்."

கேட்டேன். "ஓல்ட்ஸ்தான் அப்பா."

"விசர்க் கதை. ஓல்ட்ஸ் இஞ்சை நிக்குது, குத்துக்கல்லு மாதிரி!"

"இது இல்லை. இனிமேல் புதுசு செய்ய மாட்டினமாம்."

அப்பா ஒரு செத்தவீட்டில் செய்வதுபோல வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் அவர்களுடைய கையைப் பிடித்து விட்டுவிட்டு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. தோல் மேலங்கி போட்ட ஒரு பருத்த மனிதர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அன்றையிலிருந்து அங்கே எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும்.

சில வாரங்களில் எனக்குப் "புதுநன்மை", கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஸ்டைனார் ஓல்ட்ஸின் முகப்பில் வெள்ளை நாடா கட்டி, கோட் போட்டு, ஹவுகன்ஸ்டுவாவின் கட்டடங்களுக்கு நடுவே வந்து நின்றார். பல்கனிகளில் சனம். வெள்ளை உடுப்போடு நானும் அம்மாவும் பின்னால் ஏற, அப்பா முன்னால் ஏறினார். கோயில் வாசலில் இறங்கும்போது கறள் பொட்டுகளைக் கண்ட ஒரு மாமி, "இவ்வளவு பெரிய காருக்கு ஒரு பெயிண்ட் அடிக்க வழியில்லையாமோ?" என்று கேட்டுவிட்டார். ஸ்டைனாருக்கு அது விளங்கவில்லை, அப்பாவுக்குத்தான் விளங்கியது.

ஜூலையில் ஸ்டைனார் விடுமுறைக்கு வடக்கே தன் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது கராஜ் திறப்பை அப்பாவிடம் கொடுத்து, காரைப் பார்த்துக்கொள் என்றார். அப்பாவின் ஊரில் ஒரு வள்ளத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோயில் திருநாளுக்கு முன்னம் சுரண்டி, தேய்த்து, புதுப் பெயிண்ட் அடித்து இறக்குவார்கள். கூட்டாளி கடலுக்கு வர முடியாமல் கிடந்தால் அவனுடைய வள்ளத்தைத்தான் முதலில் அடிப்பார்கள், தன்னுடையது பிறகு. நிறம் உரிந்த வள்ளம் கரையில் நின்றால் வெட்கம் வள்ளக்காரனுக்கு அல்ல, அவனுடைய கூட்டாளிகளுக்கு.

கார் திருத்தகம் ஒன்றில் வேலை செய்த கிறிஸ்டி மாமாவைப் பிடித்து, அவர் மூலம் நல்ல பெயிண்டும் தெளிக்கும் கருவியும் எடுத்து, அப்பா தன் விடுமுறை முழுவதையும் அந்தக் கராஜில் கழித்தார்.

"இஞ்சாருங்கோ, எங்கடை காரைக் கழுவ உங்களுக்கு நேரமில்லை, அந்தாளின்ர காருக்குத் திருநாள் செய்யிறியள்!" என்றார் அம்மா.

"உனக்கு விளங்காது. அவன் அந்தக் கதவைத் தடவிறதை நீ பார்க்கேல்லை."

சிவப்பு அடித்தார். ஊரில் அவருடைய ஐயாவின், என் அப்பப்பாவின், வள்ளம் சிவப்பு. வேலை முடிந்த அன்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தக் கதவு விளிம்பை மட்டும் தனியாகத் தேய்த்து, நிரப்பி, மற்ற இடங்களை விட ஒரு பூச்சு கூடுதலாக அடித்திருந்தார். அதில் என் முகம் தெரிந்தது.

ஸ்டைனார் திரும்பி வந்த அன்று நாங்கள் கராஜ் வாசலில் காத்து நின்றோம். அப்பா கதவைத் தூக்கினார். ஸ்டைனார் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஓட்டுநர் கதவருகில் நின்றார். விரல் அந்த இடத்துக்குப் போனது, தொடாமல் திரும்பியது.

"நன்றாகப் பளபளக்கிறது" என்றார், என்னைப் பார்த்து.

"என்ன சொன்னவர்?"

"நல்லாப் பளபளக்குதாம்."

அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டைனார் கோப்பி போட்டார். நாங்கள் குடித்தோம்.

ஓகஸ்டில், முடிந்துபோன ஓல்ட்ஸ்மொபிலுக்காகவே குன்றில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில்கள் மட்டும் வந்தன. நாங்கள் வழமைபோல நேரத்தோடு போனோம். முன்வரிசை வெறுமையாகக் கிடந்தது. ஸ்டைனார் அதைத் தாண்டி ஓட்டி, கடைசி வரிசையில், மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நிழலுக்கு" என்றார் அப்பா.

தோல் மேலங்கிக்காரர் வந்தார். வேறு சிலரும் வந்தார்கள். காரைப் பார்த்தார்கள், ஸ்டைனாரைப் பார்த்தார்கள். யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அப்பாவுக்கு என் உதவியில்லாமலே விளங்கியது. நெஞ்சில் கையை வைத்து, "யாய்!" என்றார். நான் என்று அர்த்தம்.

அவர்கள் எல்லாரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். ஸ்டைனார் மட்டும் நிமிர்ந்து, "இவன் என்னுடைய கூட்டாளி" என்றார்.

ஏன் பின்வரிசை என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் அன்பாகத்தான் விளக்கினார். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கும் கார்களுக்குத்தான் முன்வரிசை. கறளும் வெளிறலும் தேய்மானமும் அதன் வாழ்க்கை. அந்த முழங்கை அடையாளத்தைப் பார்க்கவே வேற்றூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இனி அதைத் திரும்பச் செய்ய முடியாது. நான் ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. சொற்கள் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். அன்றும் அப்படித்தான் போயின.

அப்பா கோப்பிக் கிண்ணத்தைக் காரின் மேல் வைக்கப் போய், வைக்காமல், புல்லில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா லில்லெஸ்ட்ரோமுக்குப் போகவில்லை. ஸ்டைனார் தொலைபேசியில் எடுத்தார். "வேலையில எண்டு சொல்லு" என்றார் அப்பா, சோபாவில் இருந்துகொண்டு. சொன்னேன். அதற்கடுத்த கிழமையும் எடுத்தார். அப்போதும் அப்பா வேலையில் இருந்தார். நத்தாருக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு எங்கள் வீட்டில் அந்தக் காரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. ஸ்டைனார் இறந்ததைப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்து அம்மாதான் சொன்னார். அப்பா செத்தவீட்டுக்குப் போனார், தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தாராம், யாருடைய கையையும் பிடிக்கவில்லையாம்.

இந்தக் கோடையில் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வரும் வழியில், காரணமில்லாமல் அந்தக் குன்றுக்குப் போனேன். கூட்டம் குறைந்துவிட்டது. தோல் மேலங்கிகளைக் காணவில்லை. தரிப்பிடத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் மரத்தடியில் அந்தச் சிவப்பு ஓல்ட்ஸ் நின்றது. ஸ்டைனாரின் வீட்டாரிடம் வாங்கியதாக ஓர் இளைஞர் சொன்னார். கிழவர் கடைசிக் கோடை வரைக்கும் இதை ஓட்டினாராம். கதவைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். இருக்கை உறையை மாற்றியிருந்தார்கள். ஒரு வாசமும் வரவில்லை. நான் கதவின் மேல்விளிம்பைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கீழே நின்று தன்னுடைய காருக்கு வயரைக் கொழுவிக்கொண்டிருந்தார். எங்கே போனேன் என்று சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"இப்பவும் சிவப்புத்தானோ?"

"ஓம்."

"பச்சை தெரியுதோ?"

"பச்சை இல்லை. கதவில, அந்த இடத்தில மட்டும் சிவப்புத் தேஞ்சு தகரம் தெரியுது. உள்ளங்கை அளவு."

"ஆர் உரஞ்சினது? புதுசா வாங்கின பெடியனோ?"

"இல்லை அப்பா. ஸ்டைனாரின்ர முழங்கை."

வயர் கொழுவிய இடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் சத்தமில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.