மீன் எண்ணெய் குடித்த பேனா

அம்மா பறியைக் கவிழ்த்தபோது இறால்களோடு ஒரு பேனாவும் விழுந்தது. பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஏரிச் சேற்றைத் துழாவித்தான் அவள் இறால் பிடிப்பாள். "இறாலுன்னு அமுக்கினேன், அசையல," என்றாள்.

கழுவினேன். கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் மை ஏற்ற ஒரு சின்ன நெம்புகோல். உள்ளே மை உறிஞ்சும் ரப்பர் பை இற்றுப்போயிருந்தது. ஏரிக்குள்ளேயே ஒன்று கிடக்கிறதென்றால் இந்தக் கரையில் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இப்படி எழுதாமல் கிடக்கும்? அந்த நிமிஷமே பைத்தியம் பிடித்துக்கொண்டது.

காட்டூர், சுண்ணாம்புக்குளம் என்று அலைந்தேன். எல்லார் பையிலும் பால்பாயிண்ட் வந்துவிட்ட காலம். லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இன்னாமே, செத்த பேனா வாங்க வந்தியா? எங்கூட்டுக்காரரும் வேலை செய்யல, அவரையும் எடுத்துக்கினு போ," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து துடைத்து வரிசையாக வைத்தால் பார்க்க ஆள் இல்லை. என்னோடு படித்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பகலெல்லாம் ஊரே ஏரியில் இருக்கும்.

பழவேற்காட்டில் ஒரு வீட்டில் மட்டும் என் வயதுப் பெண்ணொருத்தி, இறந்துவிட்ட தன் வாப்பாவின் பச்சைப் பேனாவைக் கொண்டுவந்தாள். "எழுத வெச்சிக் கொண்டா. எப்படி செஞ்சேன்னு எனக்கும் சொல்லணும்."

எனக்கும் சொல்லணும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

ரப்பர் பைக்குப் பதில் சைக்கிள் வால்வு டியூபை வெட்டிப் பொருத்தினேன். பொன்னேரி போய் மை வாங்கி வந்தால் பேனா பளபளத்தது. படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை அம்மா நிப்பு வரைக்கும் தடவி வைத்திருந்தாள்.

"உப்புக்காத்து. துரு புடிச்சிட்டா அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"எண்ணெ பட்டா மை ஓடாதும்மா."

"படகு ஓடுதே."

மை முத்து முத்தாக நின்று வழுக்கி விழுந்தது. காகிதத்தில் கவிச்சி மட்டும். சீயக்காய்த் தண்ணீருக்கும் மசியவில்லை. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டைக்குள் எண்ணெய் இறங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றப் பயம். முன்பு ஒரு கறுப்புப் பேனா அதில் வெளுத்துப் போனது.

எழுதினால்தான் அந்த வாசலை மிதிப்பது என்று இருந்தேன். வாரங்கள் போயின. பேனாவோடு ஓடிவிட்டேன் என்று அவள் நினைப்பாள். அதுகூடப் பரவாயில்லை. நினைக்காமலே விட்டுவிட்டால்?

நாளை காலைப் படகில் போகிறேன். பேனாவைத் துணியில் முடிந்தாகிவிட்டது. கூடவே சோப்புத்தூள், பழைய பல் பிரஷ், மைப்புட்டி. நாக்கட்டையை உருவ ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் இழுக்க வேண்டும். தனியாக எத்தனையோ முறை முயன்றும் வரவில்லை. அவளைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.