பேய்க்குப் பூட்டிய கமராக்கள்

கமரா பூட்டுகிறவனைக் கள்ளனைப் பிடிக்கத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பி இந்தத் தொழிலில் இறங்கினேன். எங்கள் மட்டக்களப்பில் பாதிப் பேர் பேயைப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

வீடு வீடாக ஏணி தூக்கித் திரிகிற என் இனத்தவர்களே, வயரிங் செய்பவர்களே, டிஷ் பூட்டுபவர்களே, தண்ணீர் மோட்டார் திருத்துபவர்களே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நாம் கூரைக்கு ஏறும்வரை பேசாமல் நிற்கிற வீட்டுக்காரர், ஏறியதும் குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்த வீட்டில ஒரு விசயம் இரிக்கி" என்று தொடங்குவார். இறங்கவும் ஏலாது, காதைப் பொத்தவும் ஏலாது. இரண்டு கையிலும் வயர். அதிலும் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பதிவைப் போட்டுக் காட்டும்போது மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள், நான் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனாலும் இந்தப் பேய்களில் எனக்கு ஒரு பாசம், ஒரு வாரப்பாடு உண்டு, சோறு போடுகிறவை அல்லவா? ஒன்றே ஒன்றில்தான் கோபம். அது ஒரு கலியாணத்தையே குழப்பப் பார்த்தது. அதற்கு வருகிறேன்.

பேரீச்சம்பழம் தின்னும் ஜின்

ஓட்டமாவடியில் மொத்தக் கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர். காலையில் களஞ்சியத்தைத் திறந்தால் பேரீச்சம்பழப் பெட்டிகள் கிழிந்து கிடக்குமாம். பூட்டு உடையவில்லை, சீனி மூட்டையில் ஒரு கீறல் இல்லை, பழத்தில் மட்டும்தான் கை. கடையில் வேலை செய்கிறவர்கள் ஜின் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஹாஜியார் படித்த மனிதர். "எதுக்கும் ஒருக்கா பாத்துருவமே" என்று என்னைக் கூப்பிட்டார்.

பூட்டிய அடுத்த நாளே அகப்பட்டுவிட்டது. ஓட்டு இடுக்கால் இறங்கிய ஒரு மரநாய், முதலாளி மாதிரி மூட்டைமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பழமாக எடுத்துச் சாவகாசமாகத் தின்றது. எனக்கு வெற்றிச் சிரிப்பு. ஹாஜியார் பதிவை மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார், தாடியைத் தடவினார், பிறகு என்னிடம் அன்பாகச் சொன்னார்: "மரநாய்தான் தம்பி, நான் மறுக்கல்ல. ஆனா மரநாய்ட உருவத்தில வந்தது ஆருண்டு உங்கட கமராவுக்குத் தெரியுமா?"

வட்டையில் ஒரு வெளிச்சம்

கரடியனாற்றுப் பக்கம் வயல் செய்கிற நல்லதம்பியண்ணனுக்கு இருந்தது வேறு பிரச்சினை. இருட்டினால் அவருடைய வயல் வட்டைக்குள் ஒரு வெளிச்சம் திரிந்தது. குனியும், நிமிரும், வரம்போடு ஊர்ந்து போய் அணைந்துவிடும். கொள்ளிவாய்ப் பேய் என்று தெரிந்ததும் காவலுக்குப் போவதையே விட்டுவிட்டார். யானைக்குப் பயப்படாத மனிதர் அவர்.

சோலரில் ஓடுகிற கமரா ஒன்றைப் பரணில் கட்டிவிட்டு, அடுத்த நாள் காலை இருவரும் மருத மரத்தடியில் உட்கார்ந்து என் போனில் பார்த்தோம். வெளிச்சம் வந்தது. கிட்ட வர வர அதற்கு நெற்றி முளைத்தது, உடம்பு முளைத்தது, தோளில் மண்வெட்டி முளைத்தது. நெற்றியில் டோர்ச் கட்டிய ஒரு ஆள், நல்லதம்பியண்ணனின் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டுப் போனார். அண்ணன் போனை என் கையில் திருப்பித் தந்தார். "பேயெண்டாத் தேங்காய் உடைச்சு அனுப்பியிருப்பன்" என்றார். "இது என்ர மச்சினன், பொஞ்சாதிர தம்பி. இவனை எங்க அனுப்புற?"

கிணற்றடியில் வெள்ளை

இனி அந்தக் கோபக் கதை. வாவிக்கரையில் மலரக்கா என்று ஒருவர். கணவர் காலமான பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு அறையாக வீடு கட்டி எழுப்பியவர். வீடு அவருக்கில்லை, மகள் தர்சினிக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேற வேண்டும். ஆகவே வீட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால் பெண்ணுக்கு வந்த மாதிரி.

தர்சினி யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பழகிய பையன் சுதன். இப்போது கட்டாரில் வேலை. பதிவு எழுத்து முடிந்து, கலியாணத்துக்கு நாளும் வைத்தாகிவிட்டது. இரண்டு பெண்கள் தனியாக இருக்கிற வீடென்று அவன்தான் கமரா பூட்டச் சொன்னான். அங்கேயிருந்து போனில் தானும் பார்ப்பானாம், யாழ்ப்பாணத்தில் தன் அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தான். நானும் இதைவிட நல்ல மாப்பிள்ளை கிடையாது என்று மெச்சிக்கொண்டு பூட்டிக் கொடுத்தேன்.

பிறகுதான் வினை. கிணற்றடிக் கமராவில் இருட்டினால் வெள்ளையாக ஒருத்தி நிற்கிறாள். தலைவிரி கோலம், காற்றுக்கு மெதுவாக ஆடுகிறாள். கட்டாரில் அவன் பார்த்தான், யாழ்ப்பாணத்தில் அம்மா பார்த்தார், பிறகு வட்ஸ்அப்பில் ஊரே பார்த்தது. நான் ஏணி வைத்து ஏறினேன். கமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடிக்குக் கிட்ட அது கட்டின நூல் இருட்டில் வெள்ளைச் சேலையாகத் தெரியும். இதை நம் தொழிலில் எல்லோரும் அறிவோம். துடைத்தேன், போய்விட்டது. ஆனால் அதற்குள் பேய்க்குக் கதை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்தக் கிணற்றில் ஒருத்தி விழுந்து செத்தாளாம். கிணறு போன வருடம் வெட்டியது! சுதனின் அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, துடைச்சாப் போற ஊத்தையெண்டா நானும் நம்புவன்" என்றார். "மட்டக்களப்பார் பேயைக் கட்டுவினம், பிறகு அவிட்டும் விடுவினம். நீங்கள் கட்டினனீங்களோ, அவிட்டனீங்களோ?"

பாய்

சுதனின் அம்மாவின் பயத்துக்கு வேறொரு வேரும் இருந்தது. மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளி ஊர்களில் ஒரு கதை உண்டு. மந்திரம் செய்வார்களாம், வந்தவன் உட்கார்ந்த பாயை விட்டு எழும்ப மாட்டானாம், இங்கேயே கலியாணம் கட்டிக் கிடந்துவிடுவானாம். எத்தனை தலைமுறையாக இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்! இந்தமுறை சிரிப்பு வரவில்லை. ஒரே மகன். அவர் மலரக்காவுக்குப் போன் எடுத்து, வீட்டில் பாய் இருக்கிறதா, கட்டில் இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். மலரக்கா அன்றைக்கே வீட்டிலிருந்த பாய்களையெல்லாம் சுருட்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இடியப்பத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

என்னோடு வயரிங் செய்கிற பரமண்ணை யாழ்ப்பாணத்தவர். இளந்தாரியாக இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்தவர், இப்போது பேரப்பிள்ளை கண்டவர். "அண்ணை, நீங்களாவது அந்த அம்மாவோட கதையுங்க, உங்களை ஒட்ட வச்சவையா எண்டு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். பரமண்ணை கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "ஒட்ட வைச்சவையோ தெரியாதடா. இறால் குழம்பும் எருமைத் தயிருமாச் சாப்பிட்டுப்போட்டு, நான் எழும்பிப் பாத்தாலெல்லோ தெரியும்."

தும்புத்தடி

கலியாணத்தை வரும் ஆவணிக்குத் தள்ளி வைப்போம் என்று அம்மா சொல்லி அனுப்பினார். தள்ளி வைப்பதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சுதன் பாவம், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் தர்சினி, நடுவில் கடல். அந்தக் கமராவையே கழற்றிவிடலாம் என்று ஒரு நாள் பொழுதுபடப் போனேன். தர்சினி மருந்துக் கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். "கழட்டாதீங்க அண்ணா. கழட்டினா, காட்டப் பயந்து கழட்டினதெண்டுதான் சொல்லுவாங்க" என்றாள். நியாயம்தான். ஆனால் திரையைப் பார்த்தால், சிலந்தி மறுபடி தன் வேலையை முடித்து வைத்திருக்கிறது. வெள்ளைச் சேலைக்காரி கிணற்றடியில் நின்று ஆடுகிறாள். காரணம் தெரிந்த நானே ஓரடி பின்வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து மலரக்காவின் போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா. பொழுதுபட்டால் அவருக்கும் கமரா பார்ப்பதுதான் வேலையாகப் போயிருந்தது போலும். மலரக்கா ஸ்பீக்கரில் போட, அம்மா கத்தினார்: "சம்பந்தி, அது வந்து நிக்குது! கதவைப் பூட்டுங்கோ! பிள்ளையை வெளியில விடாதேங்கோ!" மலரக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்று உறைத்தது. வீடு வேண்டாம் என்கிற அந்த மனுசி, பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைக்காகப் பதறுகிறார்.

தர்சினிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். போனை வாங்கி, "மாமி, போனை வைக்காதீங்க. மறுகா கமராவையும் பாத்துக்கொண்டே இரிங்க" என்றாள். தலைமயிரை அள்ளி முடிந்தாள். மூலையில் கிடந்த, வீடு கூட்டுகிற நீளக் காம்புத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிணற்றடிக்கு நடந்தாள். நான் போயிருக்கலாம். போகவில்லை. திரையில் வெள்ளைச் சேலைக்காரி பெரிதாக ஆடிக்கொண்டிருக்க, கீழே சின்னதாக எங்கள் பிள்ளை வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, நீளத்தடியை ஓங்கினாள். ஒரு வீச்சு, மற்றொரு வீச்சு. பேய் நடுவில் கிழிந்து, இழையாகத் தொங்கி, இல்லாமலே போனது. வெறும் கிணறு. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தர்சினி, தடியை வேல் மாதிரி ஊன்றிக்கொண்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தாள். மலரக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

போனில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. "சம்பந்தி, நாளை மாத்த வேண்டாம், வைச்ச நாளிலயே செய்வம். பேயையே தும்புத்தடியால அடிச்சுக் கலைக்கிறாள்! எனக்கு இனிப் பேயில பயமில்லை, என்ர பெடியனை நினைச்சாத்தான் பயமாயிருக்கு."

இப்போதெல்லாம் பேய்க்கென்று யாராவது கமரா கேட்டால், வீட்டில் தும்புத்தடி பிடிக்கத் தெரிந்த பெண்பிள்ளை இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் ஏணியைத் தூக்குகிறேன்.