தாவரவியல் அலமாரிக்குப் பின்னால்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் பி.ஏ. படித்தேன். எங்கள் கல்லூரி நூலகத்தில், பார்வையில்லாத மாணவிகளுக்கு மதிய இடைவேளையில் பாடம் வாசித்துக் காட்டும் ஏற்பாடு உண்டு. நானும் பெயர் கொடுத்து, என் வகுப்பு சாந்திக்கு வாசித்துவந்தேன்.

பரீட்சை நெருங்கியது. பொருளாதாரப் புத்தகம் ஒரே பிரதிதான். வீட்டுக்குத் தர மாட்டார்கள். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று, தினமும் மாலையில் ஆள் குறைந்தபின் படித்துவிட்டு அதைத் தாவரவியல் அலமாரியில் தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிடுவேன்.

"அந்த புக் வந்துச்சாடி?" என்று சாந்தி மூன்று நாள் கேட்டாள். அவளுக்காக எடுத்தால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே! "யாரோ எடுத்துட்டாங்க போல" என்று மூன்று நாளும் கூசாமல் சொன்னேன்.

நான்காம் நாள் அலமாரியைத் தூசி தட்டிய நூலக மேடம், அந்தப் புத்தகத்தோடு எங்கள் மேசைக்கு வந்தார். உள்ளே பக்க அடையாளத்துக்கு நான் வைத்து மறந்த ரயில் சீசன் டிக்கெட், என் போட்டோவோடு. இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

"என்னடி வச்சாங்க?" என்றாள் சாந்தி.

"அந்த புக்."

"கிடைச்சிடுச்சா! பாவம், நீயும் இது இல்லாம எவ்ளோ கஷ்டப்பட்டிருப்ப!"

டிக்கெட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாசித்தேன். எங்கே இருந்ததென்று சொல்லவில்லை.

இன்றும் சனிக்கிழமைகளில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு வாசிக்கிறேன். உட்கார்ந்ததுமே, என் கைக்கெட்டும் புத்தகம் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிவிடுவேன். சாந்தி எப்போதாவது போனில் பேசினால், "உன்னாலதான்டி நான் பாஸானேன்" என்கிறாள். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

– பெயர் வேண்டாம், குரோம்பேட்டை