மூன்று மண்ணுருண்டைகள்

சேதமான பயிரைப் பார்வையிட உத்தியோகத்தர் பதினான்கு நாட்களுக்குள் வராவிட்டால், வயலின் ஒரு மூலையைச் சான்றுக்காக விட்டுவிட்டு மீதியை உழ உள்ளூர் அலுவலகமே அனுமதி கொடுக்கலாம். நட்டஈட்டு விதிகளில் இப்படி ஒன்று இருந்தது. திருகோணமலை அலுவலகமான எங்கள் கந்தோரில் அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆண்டு மார்கழி மழை பொய்த்தது. மூதூர்ப் பக்கத்து மேட்டுக்காணிக்காரர் ஒருவரின் நெல் கதிர் தள்ளும் நேரத்தில் கருகிப்போனது. குளத்து நீர் ஏறாத காணி. மழை விட்டுப்போகும் ஈரத்தை நம்பித்தான் அங்கே எதுவும் விளையும். மாசியில், காலம் தப்பி ஒரு மழை பெய்தது. மறுநாளே அவர் லோஞ்சில் குடாவைக் கடந்து வந்து, வாழையிலையில் சுற்றிய மண்ணுருண்டையொன்றை என் மேசையில் வைத்தார்.

“அமத்திப் பாருங்க சேர். இப்ப உழுதா எள்ளுப் போடலாம்.”

என் விரல் அதில் பதிந்தது.

அவர் நட்டஈடு கேட்டு எழுதிப் பதினான்கு நாள் எப்போதோ கழிந்திருந்தது; பயிரைப் பார்வையிட யாரும் போகவில்லை. அனுமதிக் கடிதத்தை அன்றே தட்டச்சு செய்து மேலதிகாரியின் கையொப்பத்துக்கு வைத்திருக்கலாம். ஆனால் முந்திய ஆண்டு இப்படியொரு கடிதத்துக்குக் கொழும்புத் தலைமையகம் விளக்கம் கேட்டிருந்தது. ஆகவே, விதியின்படி நடக்கலாமா என்று கொழும்பைக் கேட்டு எழுதினேன்.

“பதில் வரட்டும் காக்கா. அதுக்கு முதல் உழுதா நட்டஈடு இல்லை,” என்றேன். முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் அழைப்போம்.

அடுத்த கிழமை கொண்டுவந்த உருண்டை மேசையில் வைத்ததுமே பிளந்தது.

“கொழும்பில மண் காயிறல்லயா சேர்?”

“இதுக்கும் ஒரு இலக்கம் போட்டுப் பைலில வைக்கட்டோ?” என்றார் எங்கள் பியூன். நான் சிரித்தேன். காக்காவும் சிரித்ததாகத்தான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் முறை இலையை விரித்தார். உருண்டை வழியிலேயே உதிர்ந்து தூளாகியிருந்தது.

“இனி ஏலா சேர். கலப்பை இறங்காது.”

தூளை மேசையிலிருந்து தானே வழித்தெடுத்து, இலையில் மடித்துக்கொண்டு போனார்.

சித்திரையில் உழவுமாடுகளை விற்றார். பிறகொரு நாள் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம், கூலியாட்களோடு அவர் நின்றதைப் பஸ்ஸிலிருந்து கண்டேன். அவர் கை உயர்த்தினார். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

கொழும்பின் பதில் ஒரே வரி: விதி தெளிவாக இருப்பதால் இங்கு கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வந்த கடிதங்களின் பதிவேட்டில் அதை நானே பதிந்தேன். அன்று ஆடி அமாவாசைக்கு மறுநாள்.