கட்டிலுக்கடியில் நான்கு ஸ்பிரிங்

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்ள வரும் அறுபது வயதுக்காரருக்கும் அவர் மிஸ்தான். இருபத்துநான்கு வருடமாகக் காரிலேயே பிழைப்பு, ஆனால் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தது குறைவு. பக்கத்துச் சீட்டு, காலுக்கடியில் ஒரு உபரி பிரேக், அவ்வளவுதான் அவர் உத்தியோகம். சுவரைப் பார்த்துப் போகிறவர்கள், சைக்கிளைக் கண்டதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்கிறவர்கள், எல்லோரையும் அந்த ஒரு பிரேக்கால் காப்பாற்றிக் காப்பாற்றி முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தாலும் கால் தன்னால் தரையை அழுத்தும்.

"இங்க யாரும் மோத வரல. காலை எடு," என்பார் கணவர். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர்.

ஐம்பத்தொன்றாவது வயதில் மிஸ் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே கதவு, கருநீலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மாடல் ஒன்று ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அது இப்போது கைக்கு எட்டியது.

எட்டியதுதான், ஆனால் அது அந்தக் கார் மாதிரியே இல்லை. முன்னால் வைத்திருந்தவன் ஆசை தீர அதை அலங்கோலம் பண்ணியிருந்தான். வேகத்தடையில் வயிறு உரசும் அளவுக்குத் தாழ்த்தியிருந்தான். சைலன்சர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. சீட்டிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டும். பின்னால் ஒரு ராட்சச இறக்கை.

"துணி காயப்போட இடமாச்சு," என்றார் கணவர்.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கக் குலுங்கிவிட்டு வந்த இடுப்பு, இதில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே விண்ணென்று தெறித்தது. போதாததற்கு, தகுதிச் சோதனை மையத்தில் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஆக்கிட்டு வாங்க. மூணு மாசம் டைம்," என்றார் அதிகாரி.

"கழட்டுறது ஒரு நாள் வேலை மிஸ்," என்றார் மெக்கானிக். ஒரு காலத்தில் மிஸ்ஸிடம் ஓட்டக் கற்றவர். "ஆனா கழட்டிட்டு எதை மாட்டுறது? இந்த மாடலுக்குச் சாமான் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு."

அதன்பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை மிஸ் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். நசுங்கிய கார்களுக்கு நடுவே கிரீஸ் படிந்த கையோடு குனிந்து நிமிர்ந்து தேடியதில் கிடைத்தது ஒரே ஒரு ஸ்பிரிங். அதுவும் வேறு மாடலுக்கு உரியது. ஆறாவது ஞாயிறு எழுந்திருக்கவே மனசில்லை. படுத்தபடியே வண்டிப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். முந்தைய உரிமையாளரின் பெயரும் விலாசமும் இருந்தன. இதே ஊர்தான்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். புத்தகத்தில் இருந்த பெயரைச் சொன்னதும், என் மகன்தான் என்றார்.

"உங்க மகனோட கார் விஷயமா வந்தேன்மா."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவன் அனுப்பினானா? உள்ள வாம்மா." மிஸ் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கட்டில் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். "அவன் கழட்டி வெச்ச சாமானெல்லாம் அப்படியே இருக்கு, பார்."

கட்டிலுக்கடியில் நான்கு ஸ்பிரிங், சைலன்சர், ஸ்டியரிங், மடக்கி வைத்த இரண்டு சீட்டு. எல்லாம் பழைய ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் சுற்றி இருந்தன. அந்த அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு தாள் ஒட்டி, முன் இடது, பின் வலது என்று மகன் கையால் எழுதியிருந்தான்.

"மாசாமாசம் எண்ணெய் தடவிடுவேன். துருப்பிடிச்சா வந்து கத்துவான்," என்றார். "வேலை கிடைச்சு காரை எடுத்துக்கிட்டு வெளியூர் போயிட்டான். மூணு வருஷமாச்சு. என்னைப் பார்க்க வராட்டியும், இதுக்காவது ஒரு நாள் வந்துதானே ஆகணும்?"

மிஸ் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கார் அந்த அறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றிருந்தது.

"அம்மா, அந்தக் காரை நான் வாங்கிட்டேன். கீழ நிக்குது."

அந்த அம்மா ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார். அங்கிருந்தபடியே கேட்டார்.

"எப்ப வித்தான்?"

"பழைய கார் கடையில ரெண்டு வருஷமா நின்னுதாம்மா."

"வாராவாரம் கேப்பேன், கார் எப்படிப்பா இருக்குன்னு. நல்லா ஓடுதும்மான்னு சொல்லுவான். போன வாரங்கூடச் சொன்னான்."

அதற்குமேல் சாமானைக் கேட்க மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை. போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கினார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் கணவர் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. "விட்டுடு. அந்தக் காரே வேணாம்," என்றார். மிஸ்ஸும் விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். அலுப்பாக இருந்தது.

பதினோராம் நாள் போன் வந்தது.

"வந்து எடுத்துட்டுப் போம்மா."

"வேணாம்மா. உங்க மகன்கிட்ட..."

"கேட்டுட்டேன். கேட்டதும் அழுதான். அங்க போன ஒரு வருஷத்துக்குள்ளயே வேலை போயிடுச்சாம், அதான் வித்தானாம். எனக்குத் தெரியக் கூடாதுன்னு பொய் சொல்லிச் சொல்லியே களைச்சுப் போயிட்டேன்மான்னான்." அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப போன் பண்ணா என்ன பேசுறதுன்னே ரெண்டு பேருக்கும் தெரியல. சாப்பிட்டியான்னு கேக்குறான், சாப்பிட்டேன்கிறேன். நீ வந்து எடு. குனிஞ்சு குனிஞ்சு எண்ணெய் போட எனக்கு இடுப்பு இல்ல."

மெக்கானிக்கும் கணவருமாக அத்தனையையும் இரண்டு மாடி இறக்கினார்கள். அந்த அம்மா கீழே வரவில்லை. மாட்டி முடிக்க மூன்று ஞாயிறு ஆனது. தாழ்த்தியிருந்த ஸ்பிரிங் கழன்று பழையது ஏறியதும் கார் குந்தியிருந்தவர் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்தது. இறக்கையைப் பிடுங்கிய இடத்தில் நான்கு ஓட்டை. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் அந்த இடம் மட்டும் ஒரு சாயல் வெளுத்தே நின்றது.

சோதனை மையத்தில் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மிஸ் நேரே புறவழிச்சாலைக்கு ஓட்டிப்போனார். பக்கத்துச் சீட்டு காலி. என்ஜின் சன்னமாக முனகியது. இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருடம் என்று நெஞ்சு துள்ளும் என நினைத்திருந்தார். துள்ளவில்லை. இடுப்பு வலிக்கவில்லை, அது ஒன்றுதான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக மர நிழலில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

போன் மணி எழுப்பியபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

"எங்க இருக்கே? எப்படி ஓடுது?" என்றார் கணவர்.

"தூங்கிட்டேன்."

"அதுக்கா இந்தப் பாடு?"

"சீட்டு நல்லா இருக்குங்க," என்றார் மிஸ். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். நாளைக்கு ஓட்டிப் பார்க்கிறேன்."